பெரிய பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு ஒரு நாட்டின் பாதுகாப்பும் மக்களின் நம்பிக்கையும் எப்படி மாறுகின்றன?

நான் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் வளர்ந்த தமிழன், அதனால் 2019 உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்) தாக்குதலை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும்.

ஏப்ரல் 21 காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், அப்புறம் கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள், எல்லாவற்றிலும் தற்கொலைக் குண்டு வெடித்தது. 260 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை பார்த்தால் பொட்டு வைத்தவர்களும் சிங்களப் பௌத்தர்களும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். அம்மா சைவ சமயம்தான், ஆனால் செவ்வாய் தவறமாட்டார்.

அன்றே ஊரடங்கு, பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கம், மறுநாள் அவசரகாலச் சட்டம், 29ஆம் திகதி முகத்தை மூடும் உடைக்குத் தடை. பாடசாலை திறந்தபோது பெற்றோரே வாசலில் நின்று பிள்ளைகளின் பைகளைப் பிரித்துப் பார்த்தார்கள், சாப்பாட்டுப் பெட்டி உட்பட. சரி, பை பார்க்காததாலா குண்டு வெடித்தது? ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது, 11ஆம் திகதி பொலிஸ் கடிதத்தில் தாக்குதலை நடத்திய இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவின் தலைவன் சஹ்ரானின் பெயரே இருந்தது, அதைப் படித்தவர்கள் அசையவில்லை. ஜனாதிபதியும் பிரதமரும் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் (இந்தியாவில் நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பீர்கள்) முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபாலவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அதற்குள் தேசியப் பாதுகாப்பைக் கோஷமாக வைத்து 2019 நவம்பரிலேயே கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தும் விட்டார், அது வேறு கதை.

நம்பிக்கை விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. யுத்த காலம் முழுக்கச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு "எந்த ஊர், எதற்கு வந்தாய்" என்ற கேள்விக்குப் பதில் சொன்னது நாங்கள். அந்த மே மாதம் பஸ்ஸை நிறுத்திய சிப்பாய் என் அட்டையை ஒரு பார்வை பார்த்துத் திருப்பித் தந்துவிட்டு, பின்சீட்டில் இருந்த அபாயா போட்ட பெண்ணை மட்டும் இறங்கச் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மே 13 அன்று வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலக்கிறார்கள் என்ற பழைய புரளி (2018இல் அம்பாறையில் கடை உடைபட்டதும் இதே கதையால்தான்) மறுபடி கிளம்பியது. ஜூன் 3 அன்று முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் ஒன்றாகப் பதவி விலகினார்கள்.

இரண்டு நாள் கழித்து நோன்புப் பெருநாள். பக்கத்து வீட்டு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒவ்வொரு பெருநாளுக்கும் வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கொடுத்தனுப்புவார், அன்று மத்தியானம் வரை வரவில்லை. பின்னேரம் அவரே வெறுங்கையோடு கேட் வரை வந்து, "அக்கா, அனுப்பட்டா? சாப்பிடுவீங்களா?" என்றார். இருபது வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. அம்மா, "என்ன தம்பி கேள்வி இது, எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருஷம் கொரோனா. அதற்குப் பிறகு வட்டிலப்பம் தவறாமல் வருகிறது. ஆனால் அனுப்புவதற்கு முன் நானா ஒரு போன் எடுக்கிறார்.