லென்ஸில் கீறலா? தேய்க்கும் முன் கேளுங்கள்

கேள்வி (யீஷூன்): அண்ணே, என் 50 எம்எம் லென்ஸின் முன்கண்ணாடியில் முடி மாதிரி ஒரு கீறல். படம் கெட்டுப்போகுமா?

பதறாதீர்கள் தம்பி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்கண்ணாடியின் பெரும்பகுதியிலிருந்து ஒளி திரண்டு வருகிறது. முடியளவு கீறல் அதில் கடுகளவைத்தான் கெடுக்கும். கீறல் ஃபோகஸிலும் இருக்காது, அதனால் கோடாக விழாது.

தொந்தரவு எதிர்வெளிச்சத்தில்தான். கீறலில் பட்ட ஒளி சிதறி, படம் வெளிறிவிடும். இன்று இரவே புளோக்குக்குக் கீழே இறங்கிப் பாருங்கள். தெருவிளக்கு ஃபிரேமுக்குச் சற்று வெளியே இருக்கும்படி ஒரு படம், லென்ஸ் மேல் விளக்கொளி விழாமல் உள்ளங்கையால் மறைத்து இன்னொரு படம். இரண்டிலும் கறுப்பு ஒரே அழுத்தமாக இருந்தால் கீறலை மறந்துவிடலாம்.

அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் திறப்பைச் சுருக்கினால் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். எஃப் 1.8இல் உங்கள் லென்ஸின் திறப்பு ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். எஃப் 16இல் 3 மில்லிமீட்டர்தான். அதற்கு நேரே கீறல் இருந்தால் அதன் பங்கு கூடிவிடும். மரினா பே விளக்குகளை நட்சத்திரமாக்க எஃப் 16க்குப் போவீர்கள் என்றால், எஃப் 8இலும் ஒன்று எடுத்து வையுங்கள்.

கேள்வி (ஜூரோங்): பற்பசை தடவித் தேய்த்தால் கீறல் போய்விடும் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். கீறலைவிட இந்த வைத்தியத்தால் பாழான லென்ஸ்களைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. கண்ணாடி மேல் ஒளித் தெறிப்பைக் குறைக்கப் பூசியிருக்கும் கோட்டிங்கின் ஓர் அடுக்கு, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். பற்பசையில் இருக்கும் பொடி அதை வழித்து எடுத்துவிடும். கோட்டிங் இல்லாத கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். விளக்கடியில் லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள், ஊதாவும் பச்சையுமாக மின்னும். தேய்த்த இடம் மட்டும் வெள்ளையாகப் பளபளக்கும். ஒரு கோடு இருந்த இடத்தில் ஒரு திட்டு, அவ்வளவுதான் லாபம்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போய் வந்தால் முதலில் ப்ளோயரால் மணலை ஊதிவிட்டு, அப்புறம்தான் துணியை எடுங்கள். கீறல் பெரும்பாலும் அந்த அவசரத் துடைப்பில்தான் விழுகிறது.

கேள்வி (உட்லண்ட்ஸ்): பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய லென்ஸ் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பின்கண்ணாடியை. அங்கே ஒளிக்கற்றை குறுகி வருவதால், சிறு கீறலும் படத்தில் தெரியக்கூடும். பின்பக்கம் கீறல் என்றால் விலை குறைத்தாலும் நான் வாங்கமாட்டேன். முன்பக்கம் மட்டும் என்றால் தயங்காமல் பேரம் பேசுங்கள்.

டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து உள்ளேயும் பாருங்கள். சிலந்தி இழை போலக் கிளை பிரிந்திருந்தால் அது கீறல் இல்லை, பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அதுதான் பெரிய எதிரி. ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான டிரை பாக்ஸில், 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள்.

கேள்வி (தேக்கா): முன்கண்ணாடியில் ஆழமான வெட்டு. தைப்பூசத்துக்கு இந்த லென்ஸ்தான் இருக்கிறது அண்ணா.

தாராளமாக எடுத்துப் போங்கள். ஆழமான வெட்டுக்குப் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு. நுனித் தூரிகையால் அந்தப் பள்ளத்துக்குள் மட்டும் கறுப்பு மை நிரப்பி, சுற்றி ஒட்டியதைத் துடைத்துவிடுவார்கள். துளி ஒளி குறையும், ஆனால் சிதறல் அடங்கும். பக்க வெளிச்சத்தை மறைக்க லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் கட்டாயம் வேண்டும். காலை வெயில் காவடிக்குப் பின்னாலிருந்து வந்தால் இரண்டடி நகர்ந்து நில்லுங்கள்.

கேள்வி (பிடோக்): தம்பி, என் கைப்பேசி கேமராவில் விளக்கெல்லாம் கோடு கோடாக இழுக்கிறது. கீறலா?

முதலில் மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள் அம்மா. பல நேரம் விரல் எண்ணெய்தான். துடைத்தும் போகவில்லை என்றால் மேல்கண்ணாடியில் கீறல் இருக்கலாம். கைப்பேசி லென்ஸ் மிகச் சிறியது என்பதால் அங்கே சின்னக் கீறலும் பெரிதாகப் பேசும். பழுதுபார்க்கும் கடையில் அந்த மேல்கண்ணாடியை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள், முழு கேமராவையும் மாற்றச் சொன்னால் இன்னொரு கடையிலும் விசாரியுங்கள்.