தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை முதல் செஸ் போட்டிக்கு எப்படித் தயார்செய்வது?

உங்கள் மன்றத்தில் 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை 12 பிள்ளைகள், போட்டிக்கு ஒரு மாதம் இருக்கிறது, எந்த ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை) கற்றுக்கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாதம் ஓப்பனிங்கே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த 2022-இல் எங்கள் மன்றத்தைத் தொடங்கினோம். முதல் போட்டிக்கு முன் நானும் ஓப்பனிங்கைத்தான் மனப்பாடம் செய்யவைத்தேன். போட்டியில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தனி ராஜாவுக்கு எதிரே இரண்டு ராணிகள் வைத்திருந்தாள். வென்றுவிட்டதாக நினைத்துக் கையை உயர்த்தினாள். நடுவர் பலகையைப் பார்த்துவிட்டு ‘ஸ்டேல்மேட், டிரா’ என்றார். ராஜாவுக்குச் செக் இல்லை, நகரவும் இடமில்லை. ஜன்னல் வழியே அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. பிழை அவளுடையது அல்ல. முடிக்க நான் கற்றுத்தரவில்லை.

ஆகவே முதல் இரண்டு வாரம் முடிப்பதை மட்டும் பழக்குங்கள். இரண்டு யானைகளால் வரிசை வரிசையாக ராஜாவை ஓரத்துக்குத் தள்ளி மேட் செய்வது (தப்ப வழியே இல்லாதபடி செக் வைப்பது), பிறகு ராஜாவும் ராணியும் சேர்ந்து மேட் செய்வது. தினமும் ஐந்து முறை, வெவ்வேறு இடத்திலிருந்து. ஒரு குறிப்பு எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிதும் உதவியது: எதிராளியின் தனி ராஜா மூலையில் நிற்கும்போது நம் ராணி அதிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் நின்றால் ஸ்டேல்மேட் ஆகிவிடும். இதைச் சொன்னால் புரியாது. காய்களை வைத்துக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

தொடக்கத்தில் ஒரே ஒரு ஆபத்தைக் காட்டிவிடுங்கள்: ராணியும் பிஷப்பும் சேர்ந்து எஃப்7 கட்டத்தில் நிற்கும் கறுப்புச் சிப்பாயைக் குறிவைக்கும் நான்கு நகர்த்தல் மேட். ராணி எச்5-க்கு வந்ததும் பதறிக் குதிரையை எஃப்6-இல் வைக்கும் பிள்ளைதான் அகப்படும். ஜி சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளி ராணியை முதலில் விரட்டவேண்டும்.

அடுத்து, போட்டி அரங்கு. இதைத்தான் பெரும்பாலும் யாரும் பழக்குவதில்லை. பள்ளியில் நகர்த்தியதைத் திரும்ப எடுக்க நண்பன் விடுவான். அங்கே தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்துவது) செய்யும்போது ராஜாவை முதலில் தொடவேண்டும். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்தவேண்டும். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, தவறான நகர்த்தலைச் செய்து கடிகாரத்தையும் அழுத்திவிட்டால், முதல் முறை எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாம் முறை பெரும்பாலும் ஆட்டமே போய்விடும். கடிகாரம் இல்லையென்றால் கைப்பேசியில் செஸ் கடிகாரச் செயலி போதும். பேச்சில்லாமல் முழு ஆட்டம் ஆடிப் பழகட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தி நடுவரை அழைக்கும் துணிச்சல். எங்கள் பையன் ஒருவனின் எதிராளி ஒரு காயைத் தொட்டுவிட்டு வேறொன்றை நகர்த்தினான். நம் பிள்ளை கண்டும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்களிடம் முறையிடுவது மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்கிறான்! இப்போது வகுப்பில் நானே நடுவராக நிற்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது என்னை அழைத்தாகவேண்டும்.

எதிராளி ‘டிரா?’ என்றதும் கைகொடுத்துவிடும் பழக்கமும் உண்டு. குகேஷ் கதையைச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆம் ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. குகேஷ் ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆம் நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன்! எங்கள் பிள்ளைகள் இந்தக் கதையை வாரம் ஒருமுறை கேட்கிறார்கள்.

சுவிஸ் முறையில் முதல் சுற்றில் தோற்றாலும் வீட்டுக்குப் போகவேண்டியதில்லை, அடுத்த சுற்றில் ஏறக்குறைய அதே புள்ளியில் இருப்பவரோடு ஆடுவோம் என்பதை முந்தைய நாளே விளக்கிவிடுங்கள். தெரியாத பிள்ளை, எல்லாம் முடிந்துவிட்டது என்று அழும். பெற்றோரிடமும் பேசுங்கள்: அறையை விட்டு வரும் பிள்ளையிடம் ‘ஜெயித்தாயா?’ என்று கேட்கவேண்டாம், முதலில் தண்ணீர் கொடுக்கட்டும். சுற்றுக்கு முன் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். கடிகாரம் ஓடும்போது கேட்கக் கூச்சப்பட்டு அவசர அவசரமாக ஆடித் தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.