மறைத்து எடுத்துச் செல்ல மிக இலேசான ரிவால்வர்தான் சிறந்ததா?

உரிமம் பெற்ற ஒருவர் மறைத்து எடுத்துச் செல்வதற்கு, கிடைப்பவற்றிலேயே மிக இலேசான ரிவால்வரை வாங்குவது சரியா என்பது கேள்வி. எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1950-இல் வெளிவந்த, எஃகுச் சட்டகம் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் மாடல் 36 ஏறத்தாழ 550 கிராம் எடையுள்ளது. அலுமினியக் கலவைச் சட்டகம் கொண்ட மாடல் 642 சுமார் 410 கிராம்தான். இரண்டிலும் ஐந்து தோட்டாக்களே கொள்ளும். நாள் முழுவதும் சுமப்பவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றினாலும், அதே .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடும்போது இலேசான துப்பாக்கியின் பின்னுதைப்பு உள்ளங்கையைக் கடுமையாகத் தாக்குவதால், பலர் பயிற்சியையே தவிர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பயிற்சி இல்லாத கையில் குட்டையான குழல் கொண்ட துப்பாக்கி எளிதில் குறி தவறும், தவறிய தோட்டா தொடர்பில்லாத ஒருவர் மீது பாயக்கூடும் என்பதே என் பெரிய கவலை. இவ்வளவு சிறிய துப்பாக்கிக்கு, .38 ஸ்பெஷலைவிட ஆற்றல் மிக்க .357 மேக்னம் தோட்டா தேவையில்லை.

சுத்தியல், அதாவது தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் பகுதி, உள்ளே மறைந்திருக்கும் அமைப்பு துணியில் சிக்காது. ஆனால் அதன் விசையை (ட்ரிகர்) ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 5 கிலோ அழுத்தத்துடன் இழுக்க வேண்டியிருப்பதால், விரல் வலிமை குறைந்தவர்கள், தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, விற்பவரின் அனுமதியோடு வாங்குமுன் இழுத்துப் பார்ப்பது அவசியம். விசைப்பகுதியை முழுவதும் மூடும் உறை இல்லாமல் துப்பாக்கியைச் சட்டைப்பையில் வைக்கவே கூடாது.