ரங்கூனில் தங்கியவர்கள்

அன்புள்ள ஐயா,

வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ நூலைக் கையில் வைத்துக்கொண்டு சென்ற மாதம் யாங்கோன், அதாவது அந்நாளைய ரங்கூன், வந்தேன். அவர் ‘ஜோதி’ இதழ் நடத்திய இடத்தைத் தேடினேன், யாருக்கும் தெரியவில்லை. காளியம்மன் கோயில் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு ஏமாற்றத்தோடு சென்னை திரும்பினேன். அந்தப் பழைய ரங்கூனை எங்கே பார்க்கலாம்? 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி அகதிகள் இந்தியாவுக்கு நடந்த வழியில், எல்லையிலுள்ள தமு வரை போக முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

நெடுநாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது.

‘ஜோதி’ அலுவலகத்தை விடுங்கள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியக் குண்டுகள் விழுந்த நகரம் இது. பிரேசர் தெரு இன்று அனோரத்தா சாலை. மொகல் தெரு ஷ்வே போந்தா தெரு. ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்திருந்தால் மட்டும் சர்மா உங்களுக்கு நெருங்கி வந்திருப்பாரா? நீங்கள் படித்தது ரங்கூனை விட்டு வெளியேறியதைப் பற்றிய புத்தகம். அதை வைத்துக்கொண்டு ரங்கூனைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கோபுரத்தைப் படம் எடுத்தீர்களே, கீழே பூ வாங்கிக்கொண்டு நின்றவர்களில் ஒருவரிடமாவது தமிழில் பேசினீர்களா?

கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. பர்மாவைப் பற்றித் தமிழில் இருப்பதில் பெரும்பகுதி இங்கிருந்து போனவர்கள் எழுதியது. சர்மாவின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவர் நடந்தார், எழுதினார். அந்தப் புத்தகத்தைப் பலருக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நடக்காதவர்கள்?

என் அப்பத்தா 1942இல் நடக்கவில்லை. கைப்பிள்ளைக்குக் காய்ச்சல். தாத்தா பெகு பக்கம் ஒரு கிராமத்தில் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். விதைநெல் வீட்டில் இருந்தது. உறவினர்கள் இந்தியா போக, புரோம் வழியாகத் தாங்குப் கணவாய்க்குப் புறப்பட்டார்கள். அவர்களில் யார் ஊர் சேர்ந்தார்கள் என்பது போர் முடிந்து கடிதங்கள் வரத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. அப்பத்தா போரைப் பற்றிப் பேசினால் குண்டைப் பற்றிப் பேசமாட்டார். துணி கிடைக்காமல் சாக்கைத் தைத்து உடுத்தியதையும், சேர்த்து வைத்த ஜப்பான் நோட்டுகள் 1945இல் வெறும் காகிதமானதையும்தான் சொல்வார். 1964இல் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாதென்று அறிவித்தபோதும் அவர் பெட்டியில் நோட்டுகள் இருந்தன. தங்கைகள் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர் துறைமுகம் வரை போய் வழியனுப்பிவிட்டு, மறுநாள் நாற்று நடப் போனார்.

இதை யார் எழுதினார்கள்? 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. தமிழ்ப் பத்திரிகைகள் நின்றன. கோயிலில் மாலை வேளையில் சொல்லிக்கொடுத்த அரிச்சுவடிதான் எனக்குக் கிடைத்த தமிழ்ப் பள்ளி. போனவர்களுக்குச் சென்னையில் அச்சகம் இருந்தது, பத்திரிகை இருந்தது, உட்கார்ந்து கேட்க ஆள் இருந்தது. இங்கே கதை இருந்தவர்களுக்கு எழுத்து இல்லை. எழுதத் தெரிந்த அவர்களின் பேரப்பிள்ளைகளோ பர்மிய மொழியில் எழுதுகிறார்கள். இதற்கெல்லாம் நடுவில் நீங்கள் வந்து, பழைய ரங்கூன் இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள்! அது உங்கள் பக்கத்தில் நின்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது, ஐயா.

தமுவுக்கு இப்போது போகாதீர்கள். 2021க்குப் பிறகு அந்தப் பகுதியில் சண்டை. தமுவுக்கு எதிரே, மணிப்பூரின் மோரேயிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். 1960களில் தமிழ்நாட்டுக்குப் போய், அங்கே பிழைக்க முடியாமல், தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்ப முயன்று எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் குடியேறிய இடம் அது. அமைதி திரும்பினால் அங்கேயும் போய்க் கேளுங்கள்.

மறுபடி யாங்கோன் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதுங்கள். பெகு பக்கம் நானே அழைத்துப் போகிறேன். 1942இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். சிலருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. தாயார் சொன்னதை அப்படியே சொல்கிறார்கள். மழைக்காலம் வேண்டாம், பாதை சேறாகிவிடும். தை மாதம் வாருங்கள். அறுவடை முடிந்து வீட்டில் இருப்பார்கள்.