அசன அண்டாவும் உபவாச ஜெபமும்

கேள்வி: "எங்கள் சபையில் நலப்பணிக்கு ஒரு குழு, சுவிசேஷத்துக்கு ஒரு குழு, ஜெபத்துக்கு ஒரு குழு என்று இருக்கிறது. ஏழைகளுக்கு உதவுவதும், வெளியே போய் ஊழியம் செய்வதும், ஆவிக்குரிய வளர்ச்சியும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். நிஜத்தில் அப்படி நடந்ததை யாராவது பார்த்திருக்கிறீர்களா?"

பார்த்திருக்கிறேன். நடக்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்களுடையது தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் ஒரு சின்னச் சபை. நூற்றிருபது குடும்பம் இருக்கும், அதில் பாதிப் பேர் சென்னையிலும் திருப்பூரிலும்தான், பண்டிகைக்குத்தான் முகம் பார்க்கலாம். நான் ஒன்பது வருஷம் பொருளாளராக இருந்தேன். எந்தக் காசு எங்கே போனது என்பது மனப்பாடம். எங்களுக்கும் உங்களைப் போலவே மூன்று குழு. நலப்பணிக் குழு ஒவ்வொரு டிசம்பரிலும் நூறு பை கொடுக்கும்: ஐந்து கிலோ அரிசி, ஒரு சேலை அல்லது வேட்டி. மேடை போட்டு, மைக் வைத்து, பெயர் கூப்பிட்டு, பையைக் கொடுக்கும்போது கேமராவைப் பார்க்கச் சொல்லி. வாங்க வருகிறவர்களை எங்களுக்கு ரேஷன் கார்டு நகலில்தான் பழக்கம். சுவிசேஷக் குழு மாதம் ஒரு தடவை அதே தெருவுக்குப் போய்க் கைப்பிரதி (வேதச் செய்தி அச்சடித்த துண்டுத்தாள்) கொடுக்கும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் "ஏழை எளியவர்களை ஆசீர்வதியும்" என்று ஒரு வரி வரும், எந்த ஏழை, அவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கணக்கு மட்டும் ஒரு ரூபாய் பிசகாமல் இருந்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவில் மழை கொட்டியது. ஆற்றில் வந்தது ஒரு பக்கம், உடைந்த குளங்களிலிருந்து வந்தது ஒரு பக்கம். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் எண்ணூறு பேரோடு நின்றுபோனதை டிவியில் பார்த்திருப்பீர்கள் (அவர்களுக்குச் சமைத்துப் போட்டது பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள், அவர்கள் ஊர்க் கோயிலில் வைத்து. உதவி என்பது என்னவோ சபைக்காரர்களின் தனிச்சொத்து என்று பேசுகிறவர்களுக்கு நான் இதைத்தான் ஞாபகப்படுத்துவேன்). எங்கள் கோயில், அதாவது சர்ச், மேட்டில் இருக்கிறது. ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கெல்லாம் முந்நூறு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, ஆல்டருக்கு முன்னால் ஈரத்துணியோடு குழந்தைகள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் சபை கிடையாது.

கிறிஸ்துமஸ் விழாவுக்காக வாங்கிய நூறு பை ஹாலில் அடுக்கி இருந்தது. அதாவது ஐநூறு கிலோ அரிசி. கமிட்டியைக் கூட்டவும் இல்லை, தீர்மானம் போடவும் இல்லை, பைகளைக் கத்தரித்து அரிசியைக் கொட்டினோம். சேலைகளையும் வேட்டிகளையும் அன்று ராத்திரியே மாற்றுத்துணியாகக் கொடுத்தோம். அசன அண்டாவும் கரண்டியும் எப்போதும் கோயிலில்தான் இருக்கும். நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு அசனம் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வருஷத்துக்கு ஒரு முறை கோயில் பண்டிகையில் சாதி மதம் பார்க்காமல் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் பந்தி. ஆயிரம் பேருக்கு வடிக்கத் தெரிந்த கை எங்களிடம் இருந்தது. விறகு எல்லாம் நனைந்துபோனதால் உடைந்து கிடந்த பழைய பெஞ்சுகளை வெட்டி எரித்தோம், அதற்கு இன்னும் என்னிடம் வவுச்சர் கிடையாது. நான்கு நாள் அந்த அரிசி வந்தது.

இரண்டாம் நாள் ராத்திரி நடந்தது என் சொந்த விஷயம். ஆட்டை அவிழ்த்துவிடப் போன புருஷன் திரும்பவில்லை என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "நீங்க கோயில்காரங்கதான, சாமிகிட்ட சத்தமாக் கேளுங்களேன்" என்றார். குருவானவர் பக்கத்து ஊரில் மாட்டிக்கொண்டார். நான் ஐம்பது வயதுவரை நாலு பேர் முன்னால் வாய்விட்டு ஜெபித்தவன் இல்லை, கணக்குப் பார்க்கிறவன், கடைசி வரிசையில் உட்கார்கிறவன். அன்றைக்கு ஜெபித்தேன். இரண்டே வாக்கியம், அதிலும் திக்கல். மறுநாள் மதியம் அவர் வந்து சேர்ந்தார், யார் வீட்டு மொட்டை மாடியிலோ இருந்திருக்கிறார். இதை நான் சாட்சி என்று மேடையில் சொல்வது இல்லை, ஏனென்றால் அந்த வெள்ளத்தில் திரும்பி வராதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் யாராவது கேட்டிருப்பார்கள். ஆனால் ஜெபம் என்பது ஒரு ஆளுடைய பெயரைச் சொல்லிக் கேட்பது என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை நான் சின்ன வயதிலிருந்து வாசித்திருக்கிறேன், அதற்குப் பிறகுதான் புரிந்தது. ஆதித் திருச்சபையில் வெடித்த சண்டை சாப்பாட்டுச் சண்டை. கிரேக்கு பேசுகிற விதவைகளுக்குச் சரியாகப் பரிமாறவில்லை என்று முறுமுறுப்பு (எங்கள் அசனத்தில் கறித்துண்டு எண்ணி முறுமுறுக்கிறவர்களுக்குப் பெரிய பாரம்பரியம் இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்போம்). அப்போஸ்தலர்கள் ஏழு பேரை நியமிக்கிறார்கள். பந்தி விசாரணைக்கு ஆள் எடுக்கும்போது அவர்கள் பார்த்த தகுதி என்ன? ஆவியும் ஞானமும் நற்சாட்சியும். பரிமாறுகிற வேலைக்கு! அந்தப் பிரச்சினை தீர்ந்த கையோடு சீஷர்களின் தொகை பெருகியது என்று எழுதியிருக்கிறது. அந்த ஏழு பேரில் ஒருவர் ஸ்தேவான், இன்னொருவர் பிலிப்பு. பந்தி விசாரிக்கப் போட்ட அதே பிலிப்புதான் இரண்டு அதிகாரம் தள்ளி சமாரியாவில் பிரசங்கம் பண்ணுகிறார். நாமோ மூன்று குழு வைத்து, பிரசங்கிக்கு ஒரு மரியாதை, கரண்டி பிடிக்கிறவருக்கு ஒரு மரியாதை என்று பிரித்துவிட்டோம்.

சரி, வெள்ளம் வடிந்த பிறகு என்ன ஆனது? அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். முதல் ஒரு மாதம் சேறு அள்ளினோம். அப்புறம் பதினோரு வீடுகளை எடுத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நூறு வீடு இல்லை, பதினொன்று. தனியாக இருக்கும் முதியவர்கள், புருஷன் இல்லாத பெண்கள், ஒரு டயாலிசிஸ் நோயாளி. அதே ஆட்கள் வெள்ளிக்கிழமை ஜெபத்திலும் உட்கார வேண்டும் என்பது குருவானவர் வைத்த நிபந்தனை, எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஜெபக்கூட்டம் மாறிவிட்டது. "ஏழை எளியவர்கள்" போய், "செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ், ஆட்டோவுக்கு ஆள் வேண்டும்" என்று வந்தது. ஜெபம் முடிந்து எழுந்திருக்கும்போதே ஒருவர் நான் போகிறேன் என்பார். வேறு சில காரியங்களில் கையில் தீர்வு இருக்காது, குடிக்கிற மகனுக்கு என்ன செய்ய? அங்கே மறுபடி ஜெபத்துக்குத்தான் வரவேண்டி இருந்தது.

பண்ணின தப்பும் உண்டு. வெளியூர்ச் சபைகளிலிருந்து பழைய துணி மூட்டை மூட்டையாக வந்தது, பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு ஆச்சி சேலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், "எய்யா, இது கரித்துணிக்குத்தான் ஆவும்" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வெட்கமாகப் போய்விட்டது. வீடு வெள்ளத்தில் போனால் ரசனையும் மானமும் கூடவா போய்விடும்?

ஊழியம், அதாவது வெளியே போய்ச் சொல்வது பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் மழுப்புகிறார்கள். "பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மாறினவங்க" என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1877 பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள், கஞ்சிக்காகச் சேர்ந்தார்களா, பஞ்சத்தில் கூட நின்றவர்களை நம்பிச் சேர்ந்தார்களா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. என் அபிப்பிராயம்: பையோடு கைப்பிரதியைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் கெட்டுப்போகும். வாங்குகிறவர் அரிசிக்கு விலையாகத் தலையாட்டுவார், கொடுக்கிறவர் அந்தத் தலையாட்டலை எண்ணிக்கையில் சேர்ப்பார். நாங்கள் சனிக்கிழமை போகும்போது கைப்பிரதி கொண்டுபோவதில்லை. கேட்டால் சொல்வோம், ஒளிக்கவும் மாட்டோம். ஆறு மாதத்தில் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் முந்தைய ஒன்பது வருஷத்தில் கைப்பிரதி கொடுத்துக் கேட்கப்படவே இல்லை. "ஏன் இன்னும் வாறீய?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கே வேதத்தைத் திறக்க வேண்டியிருந்தது. இரண்டு குடும்பம் ஆராதனைக்கு வர ஆரம்பித்தது, ஒன்று பிறகு நின்றுவிட்டது. நின்ற வீட்டுக்கும் சனிக்கிழமை போகிறோம். ஆடு அவிழ்க்கப் போனவரின் மனைவி இன்றும் அம்மனுக்குத்தான் விளக்கு வைக்கிறார், எங்கள் அசனத்துக்கு முதல் ஆளாக வந்து காய் நறுக்குவதும் அவர்தான்.

எங்கள் வாலிபர்களில் ஒருவன் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், அம்மாவுக்காகக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவான். வெள்ளத்தில் டியூபில் கயிறு கட்டி ஆட்களை இழுத்து வந்தது அவன்தான். இப்போது சனிக்கிழமைக் குழுவில் இருக்கிறான். ஒருநாள், "அண்ணாச்சி, அந்த டயாலிசிஸ் தாத்தா யோபு கதையைச் சொல்லச் சொன்னாரு, எனக்குத் தெரியல, படிச்சுட்டு வந்து சொன்னேன்" என்றான். நாங்கள் ஓய்வுநாள் பள்ளியில் பத்து வருஷம் சொல்லித்தந்து ஏறாதது.

அசரியா பேராயரை உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளைக்காரர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்று முடிவு செய்தார்கள். தமிழர்கள் தெலுங்கு படித்து, இன்றைய தெலங்கானாவில் இருக்கும் டோர்னக்கல் பக்கம் போனார்கள், 1909-ல் அவரே குடும்பத்தோடு போனார். 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால் எழுந்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார். நூறு பை கொடுத்த காலத்தில் நாங்கள் இருந்தது அந்த வெள்ளைக்காரர்களின் இடத்தில் என்பதை ரொம்பத் தாமதமாகத்தான் பார்த்தேன்.

என் ஆச்சி உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார், ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். டோர்னக்கல் என்று சொல்ல வராது, "தோரணக்கல்லு" என்பார், அந்தப் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபிப்பார். வீட்டில் நாங்கள் கஞ்சி குடித்த நாளிலும் அந்தப் பிடி நின்றதில்லை. அவரிடம் போய் இது நலப்பணியா, ஊழியமா, ஜெபமா என்று கேட்டிருந்தால் என்னை ஒரு மாதிரிப் பார்த்திருப்பார்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2024 மே மாதம், வெயிலில், பதினாறு பேராக இருந்த குழு நான்கு பேராகிவிட்டது. யார் விட்டுப் போனார்கள் என்று பார்த்தேன்: வேலையை மட்டும் விரும்பி வந்தவர்கள், வெள்ளிக்கிழமை உட்காராதவர்கள், முதலில் போனார்கள். அதே சமயம் வெள்ளிக்கிழமை மட்டும் வந்து உருகி ஜெபித்துவிட்டுச் சனிக்கிழமை கால் வலிக்கிறது என்றவர்களும் போனார்கள். மிஞ்சிய நான்கு பேரில் நானும் ஒருவன் என்று பெருமைப்பட வழியில்லை, நானே இரண்டு வாரம் கள்ளம் போட்டேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒன்பது பேராயிற்று.

உங்கள் சபையில் ஆரம்பிக்க வேண்டுமானால் மூன்று குழுவையும் கலைக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், நடக்காது, ஆளுக்கொரு பதவி இருக்கிறது. ஐந்து வீடு எடுங்கள். ஒரு வருஷம் அதே ஐந்து வீடு. போகிறவர்கள் சேர்ந்து ஜெபிக்கட்டும். போட்டோ வேண்டாம். முக்கியமாக, வாங்குகிறவர்களிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். எங்கள் ஹாலில் இப்போது வருகிற துணியைப் பிரிக்கும் பொறுப்பு அந்தக் கரித்துணி ஆச்சியுடையது. போன மாதம் நான் கொண்டுபோன வேட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டார்.