பேட்ச் ஒட்டிக்கொண்டு சூயிங்கமும் மெல்லலாமா?

கேள்வி: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறேன். வயது 48. தினமும் 20 சிகரெட். பல் விளக்குவதற்கு முன்பே முதல் சிகரெட். சிகரெட்டை விடுவதற்காகச் சேலத்து டாக்டர், தோலில் ஒட்டுகிற 21 மில்லிகிராம் நிக்கோட்டின் பேட்ச் எழுதிக் கொடுத்தார். பகலெல்லாம் சமாளித்துவிடுகிறேன். சாயங்காலம் பழம் எடை போட்டு முடித்து, ஒண்டிக்கடைக்குப் போய்க் காப்பி டம்ளரை வாங்கியதும் கை தானாகச் சட்டைப்பையைத் தேடுகிறது. நிக்கோட்டின் சூயிங்கமும் சேர்க்கலாமா என்று கேட்டால், மருந்துக்கடையில் "ரெண்டும் சேர்ந்தா ஹார்ட் நின்னுடும்" என்று பயமுறுத்துகிறார்கள்.
- வாசகர், ஏற்காடு

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். இத்தனை வருஷம் 20 சிகரெட்டில் போன நிக்கோட்டினுக்கு நிற்காத ஹார்ட்டா இதற்கு நிற்கப்போகிறது? சமீபத்தில் மாரடைப்பு வந்தவர் என்றால் மட்டும் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

பேட்ச் நாள் முழுக்க மெதுவாகக் கசியும். திடீரென்று கிளம்புகிற ஆசைக்கு அது ஈடுகொடுக்காது, அதற்குத்தான் சூயிங்கம். ஒன்றை மட்டும் பயன்படுத்துகிறவர்களைவிட இரண்டையும் சேர்த்தவர்களில் சிகரெட்டை விட்டவர்கள் அதிகம் என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எழுந்ததும் பற்றவைக்கிற உங்களுக்கு 4 மில்லிகிராம் சூயிங்கம் பொருந்தும். அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். 2 மில்லிகிராம் சீட்டில்லாமலே கிடைக்கும்.

மெல்லுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மிட்டாய் மாதிரி சவைத்து எச்சிலை விழுங்கிவிட்டு, விக்கலோடு என்னிடம் வருவார்கள். காரம் நாக்கில் ஏறும்வரை மெல்லுங்கள், அப்புறம் கன்னத்தில் ஒதுக்கிவிடுங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் தாங்கும். காப்பியின் புளிப்பு வாயில் இருந்தால் நிக்கோட்டின் உள்ளே ஏறாது. அதனால் காப்பிக்குப் பிறகு வேண்டாம். எடை போடும்போதே வாயில் போட்டுக்கொண்டு, முடித்துவிட்டு ஒண்டிக்கடைக்குப் போங்கள்.

அந்தக் காப்பியையும் பாதியாகக் குறையுங்கள். காப்பித் தோட்டத்துக்காரரிடம் சொல்லக் கூடாததுதான்! சிகரெட் புகை, கல்லீரல் காஃபினை வேகமாக வெளியேற்றும்படி செய்துவந்தது. புகை நின்றதும் அதே டம்ளர் காப்பி ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை வரும். நீங்கள் சிகரெட் ஏக்கம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

குமட்டலும் தலைசுற்றலும் வந்தால் சூயிங்கத்தைக் குறையுங்கள். ராத்திரி விசித்திரக் கனவு வந்தால் படுக்கும்போது பேட்சை எடுத்துவிடுங்கள். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் வரெனிக்லின், புப்ரோபியான் என்று மாத்திரைகள் இருக்கின்றன. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது என்பதால் அதைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். பேட்ச் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.