பதக்கத்தில் இத்தாலிய மொழி இருந்தால் போலியா?

கேள்வி: கிரிமியப் போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் சிப்பாயின் பெயர் பொறித்த ஒட்டோமான் பதக்கம் ஒன்று விலைக்கு வருகிறது. அதில் 'லா கிரிமியா 1855' என்று இத்தாலிய மொழியில் இருக்கிறது. போலிதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். சந்தேகப்பட வேண்டிய இடம் மொழி அல்ல, பெயர்.

ஒட்டோமான் (துருக்கி) சுல்தான் அப்துல்மெசித் இந்த வெள்ளிப் பதக்கத்தை, கிரிமியப் போரில் ரஷ்யாவை எதிர்த்துத் தன்னோடு நின்ற கூட்டணிப் படைகளுக்காக மூன்று விதமாக அச்சடிக்கச் செய்தார். முகப்பில் பீரங்கி, அதன் பின்னால் துருக்கி, பிரிட்டன், பிரான்ஸ், சார்டீனியா ஆகிய நான்கு நாட்டுக் கொடிகள். கொடிகளின் வரிசையும் அடியில் உள்ள எழுத்தும் நாட்டுக்கு நாடு மாறும். சார்டீனியா அன்றைய இத்தாலிய அரசுகளில் ஒன்று; இத்தாலிய எழுத்து அந்தப் படைக்கானது. பிரிட்டனுக்கான பதக்கங்களில் பெரும்பகுதி வழியில் கப்பலோடு மூழ்கிப்போனதால், பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கையிருப்பில் இருந்தவற்றை எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஏராளமானோர் அணிந்தது சார்டீனியப் பதிப்பைத்தான்.

பெயருக்கு வருவோம். இந்தப் பதக்கம் பெயரில்லாமல்தான் வழங்கப்பட்டது. விரும்பியவர்கள் சொந்தக் காசில் விளிம்பில் பொறித்துக்கொண்டார்கள். அன்று பொறித்ததைப் போல நேற்றும் யாராவது பொறித்திருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்க, எழுத்தின் ஓரம் மட்டும் கூராக நின்று, பள்ளத்துக்குள் வெள்ளி பளிச்சிட்டால் வாங்காதீர்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்கப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று விற்பவர் சொன்னாலும் மயங்க வேண்டாம். அப்படி ஒருவர் போரில் இருந்தார் என்பதற்குத்தான் அது சான்று. இந்தப் பதக்கம் அவருடையது என்பதற்கு அல்ல.

பிறகு விட்டத்தை அளந்து பாருங்கள். சுமார் 36 மி.மீ. இருக்க வேண்டும். அசலை அச்சாக வைத்து வார்த்த நகல், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் சற்றுக் குறையும். பின்பக்கம் சுல்தானின் கையெழுத்துச் சின்னமான துக்ராவும் ஹிஜ்ரி 1271 என்ற ஆண்டும் இருக்கும். துக்ராவின் மெல்லிய வளைவுகள் அசலில் தனித்தனியாகத் தெரியும். வார்ப்பில் ஒன்றோடொன்று ஒட்டி, ஊசிக்குத்துப் போன்ற குழிகள் தென்படும்.

தொங்கவிடும் வளையம் மாறியிருந்தால் கவலை வேண்டாம். அசலில் வந்தது சிறு வளையமும் குறுகலான ரிப்பனும். பிரிட்டிஷ் வீரர்கள் பலர் தங்கள் நாட்டுக் கிரிமியப் பதக்கத்துக்குப் பொருந்தும்படி ரிப்பன் கோக்கும் அகலமான பிடியை மாட்டிக்கொண்டார்கள். பச்சைக் கரையிட்ட கருஞ்சிவப்பு ரிப்பன் புதிதாக இருப்பதும் குற்றமில்லை, துணி நைந்துபோகும்.

வாங்கினால் புளியோ சாம்பலோ போட்டுத் துலக்கிவிடாதீர்கள். துக்ராவின் கோடுகள்தான் முதலில் தேயும்.